அடங்கிய நாய் தேறிய நாய் அல்ல

அடிபட்டுக் கிடந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர், வாட்ச்மேன், ஊரில் நாய் வளர்த்த பெரியப்பா, மாதக் கட்டணம் பேசி வரும் ட்ரெய்னர் என எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் பதுங்கினால் இழுத்து வெளியே விடு. ஆட்களைக் கண்டு நடுங்கினால் நாலு பேர் நடுவில் நிறுத்து, தானாகத் தெளியும். உறுமினால் அந்த இடத்திலேயே ஒன்று வை, இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும். பயந்து நிற்கும்போது தடவிக்கொடுக்காதே, பயம் கூடும். யார் எஜமான் என்று முதல் வாரத்திலேயே காட்டிவிடு. இத்தனையும் செய்து தேறவில்லையென்றால் அது கெட்டுப்போன நாய். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பலர் நாயின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் இந்த யோசனை வீடு வீடாகப் பரவுகிறது. அதனால்தான் இதை ஒவ்வொரு வரியாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது. இது வெறுமனே பலன் தராத யோசனை என்றால் விட்டுவிடலாம். இது நாயின் பயத்தை ஆழப்படுத்துகிறது, வீட்டில் இருப்பவர்கள் கடிபடும் வாய்ப்பைக் கூட்டுகிறது, கடைசியில் "எவ்வளவோ பார்த்தோம், சரிப்பட்டு வரவில்லை" என்று நாயை மறுபடி தெருவிலோ காப்பகத்திலோ கொண்டுபோய் விட வைக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அடிபட்ட நாய் இழந்திருப்பது, தான் செய்யும் எதற்கும் பலன் உண்டு என்ற நினைப்பை. விலகினால் விட்டுவிடுவார்கள், உறுமினால் நிறுத்துவார்கள், நெருங்கினால் நல்லது நடக்கும் என்று அது மறுபடியும் தானே கண்டுகொள்ள வேண்டும். அங்கேதான் நம்பிக்கை முளைக்கிறது. வற்புறுத்தல் எந்த வடிவில் வந்தாலும் அந்த முளையைக் கிள்ளுகிறது.

முதலில், "இழுத்து வெளியே விட்டேன், இரண்டே நாளில் சாதுவாகிவிட்டது" என்ற சாட்சியத்தை எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. நாய் உண்மையிலேயே சத்தமில்லாமல் ஆகியிருக்கும். தொட்டால் அசையாது, தூக்கினால் தொங்கும், கொடுத்ததைத் தின்னாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அமைதி என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய, கொடிய சோதனையை நினைவுகூர வேண்டும்.

1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் இருந்த நாய், தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடியும். இன்னொரு குழு நாய்க்கு அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் குட்டையான தடுப்பு ஒன்று வைத்த பெட்டிக்குள் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம். முதல் குழு நாய்கள் சீக்கிரமே தாண்டக் கற்றன. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்டவே முயலவில்லை. படுத்தபடி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. 1967-இல் வெளியான இந்த முடிவுகளுக்கு, எதுவும் பலிக்காது என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்றே அரை நூற்றாண்டு காலம் பொருள் சொல்லப்பட்டது.

2016-இல் அதே மயரும் செலிக்மனும், இடைப்பட்ட காலத்தின் மூளை ஆய்வுகளை வைத்து, தாங்கள் முன்பு சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் உடல் செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொண்ட பாடம் அல்ல. அது பாலூட்டி மூளையின் இயல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு எதிரானது: நிலைமை என் பிடியில் இருக்கிறது என்பது. அதை மூளையின் முன்பகுதி கண்டறிந்தால்தான் அடித்தண்டிலிருந்து கிளம்பும் அந்தச் செயலின்மை அடக்கப்படுகிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கப்பட்ட நாய்க்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அது ஒளிந்தது; பலிக்கவில்லை. உடலை முறுக்கியது, பலிக்கவில்லை. உறுமியது, அடி விழுந்தது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலையில் அது கிடக்கிறது. நாம் அதைப் பார்த்து "பழகிவிட்டது" என்கிறோம். அதற்குத் தன் நிலைமையின் மேல் மிச்சமிருந்த கொஞ்சப் பிடியையும் பிடுங்கிவிட்டு, பிடுங்கியதையே வைத்தியம் என்று பெயர் சூட்டுகிறோம்.

நாலு பேர் நடுவில் நிறுத்தினால் தெளியும் என்ற நம்பிக்கைக்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளுக்குள் மாட்டிக்கொண்டன. நீர் ஏறி, மூழ்கும் தறுவாயில்தான் பணியாளர்கள் அவற்றை மீட்டார்கள். உயிர் பிழைத்த நாய்களில் சில, ஆண்டுக்கணக்கில் பழகியிருந்த அனிச்சைகளை அடியோடு இழந்திருந்தன. பல வாரங்கள் பொறுமையாகப் பழக்கிய பிறகு பழைய நிலை மெல்லத் திரும்பியது. அப்போது, ஒரு நாய் நின்றிருந்த அறைக்குள் கதவுக்கு அடியில் கொஞ்சம் நீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், எல்லாம் மறுபடி குலைந்தது.

பயம் அழிக்கப்படுவதில்லை. அதன் மேல் புதிய அனுபவம் படிகிறது. அந்தப் படிவு கனமாக இருந்தால் நாய் நிம்மதியாக வாழ்கிறது. மெல்லியதாக இருந்தால் சிறு கசிவு போதும், கிழிந்துவிடும். பயந்த நாயைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துபவர் புதிய படிவு எதையும் சேர்ப்பதில்லை, வெள்ளத்தைத்தான் மறுபடி திறந்துவிடுகிறார். நாயின் உடல் சோர்ந்து அடங்கும்போது பயம் தீர்ந்ததாகக் கணக்கெழுதுகிறார்.

அடுத்தது எஜமான் கதை. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகவே வீட்டில் மனிதர் அந்தத் தலைவனாக இருக்க வேண்டும் என்பது வாதம். இதன் வேர், ருடோல்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சியகத்தில் ஓநாய்களைக் கவனித்து 1947-இல் வெளியிட்ட ஆய்வு. அடைப்புக்குள் கூட்டி வைக்கப்பட்ட, தப்பி ஓட இடமில்லாத ஓநாய்கள் அவை. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக் பின்னர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலங்களைக் கழித்தார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம் என்று 1999-இல் எழுதினார். அங்கே பெற்றோர் வழிநடத்துகிறார்கள், பதவிச் சண்டை நடப்பதில்லை. தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார். கருத்தைப் பரப்பியவரே கைவிட்டுவிட்ட ஒன்றை நம் ட்ரெய்னர்கள் இன்னும் விற்கிறார்கள்.

ஓநாய் வாதம் சரியாகவே இருந்தாலும் அடிபட்ட நாய்க்கு அது பொருந்தாது. அது உங்கள் வீட்டு அதிகாரத்துக்குப் போட்டியிட வந்ததில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள ஒரு மூலை கிடைக்குமா என்றுதான் பார்க்கிறது.

உறுமினால் அடிக்க வேண்டும் என்பது இந்த யோசனைகளிலேயே ஆபத்தானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. "இதற்கு மேல் வராதே" என்று கடிக்காமல் சொல்லும் வழி அது. அதற்கு முன்பே நாய் பலவற்றைச் சொல்லியிருக்கும்: உதட்டை நக்கியிருக்கும், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விட்டிருக்கும், முகத்தைத் திருப்பி வெள்ளைவிழி தெரியப் பார்த்திருக்கும், உடலின் எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றியிருக்கும், ஒரு கணம் கல்லாய் உறைந்திருக்கும். நாம் எதையும் கவனிக்காததால்தான் உறுமியது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். அப்போது "காரணமே இல்லாமல் கடித்துவிட்டது" என்பார்கள்.

2009-இல் மெகன் ஹெரன் என்ற கால்நடை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், நடத்தைச் சிக்கலுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த 140 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து வெளியிட்ட விவரம் இது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினர், நாய் பதிலுக்குத் தாக்க வந்தது என்றார்கள். நாயைப் பார்த்துத் திருப்பி உறுமியவர்களில் 41 சதவீதம் பேர், மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேர், கண்ணுக்குக் கண் முறைத்தவர்களில் 30 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பயிற்சி பெற்றவற்றிடம் பதற்றத்தின் அடையாளங்கள் அதிகம் தென்பட்டன. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடியிருந்தது. இவை சாதாரண வீட்டு நாய்கள். ஏற்கெனவே மனிதக் கையால் உடைக்கப்பட்ட நாய்க்கு அதே கை மறுபடி ஓங்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க ஆய்வுகூடத் தேவையில்லை.

"நாட்டு நாய்க்கு அடிதான் பாஷை" என்று நம் ஊரில் கூடுதலாக ஒன்று சொல்கிறார்கள். லாப்ரடாருக்குப் பிஸ்கெட், தெருநாய்க்குத் தடி என்ற இந்தப் பாகுபாட்டுக்கு எந்த அடிப்படையும் இல்லை. கொல்கத்தாவின் ஐசர் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. முன்பின் அறியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து உணவு தந்தபோது கிடைத்த நெருக்கத்தைவிட, தடவிக்கொடுத்தபோது தெருநாய்கள் அதிகம் நெருங்கின என்று 2017-இல் அவர்கள் கண்டார்கள். 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், தாமாக அணுகி வந்த தெருநாய்களில் ஏறத்தாழ 80 சதவீதம், பயிற்சி ஏதும் இல்லாமலேயே, மனிதர் கைகாட்டிய பக்கம் போயின. மனிதக் கையைக் கவனித்துக் கவனித்தே பிழைத்த உயிர் அது. அதற்குப் புரியாத பாஷை என்று ஒன்றும் இல்லை. நாம் எதைப் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

பயந்த நாயைத் தேற்றினால் பயம் வலுக்கும் என்ற பேச்சும் நிற்காது. உட்கார்ந்தால் தின்பண்டம் கிடைக்கும் என்றால் நாய் அடிக்கடி உட்காரும், ஏனென்றால் உட்காருவது ஒரு செயல். பயம் செயல் அல்ல, உணர்வு. பலனை எதிர்பார்த்து எந்த உயிரும் பயப்படுவதில்லை. தீபாவளி இரவில் சரவெடிச் சத்தம் கேட்டு நாய் உங்கள் காலடியில் வந்து ஒண்டினால், அதற்குத் தெரிந்த பாதுகாப்பான இடம் நீங்கள்தான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதைத் தள்ளிவிடுபவர், ஆபத்துக்காலத்தில் இந்த மனிதரும் உதவமாட்டார் என்பதை அதற்குக் கற்பிக்கிறார். பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை பட்டால் அதன் உடல் தளர்கிறதென்றால் கை வையுங்கள்.

இனி, என் பக்கம் நிற்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அடிக்கக் கூடாது என்பதில் உறுதியான பலர், அன்பைக் கொட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். மீட்டு வந்த அன்றே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். மடியில் தூக்கி வைத்து முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுக்கிறார்கள். சொந்தபந்தம் எல்லோரும் வரிசையாக வந்து தலையைத் தடவுகிறார்கள். நாயின் கணக்கில் கட்டிப்பிடிப்பது என்பது அசைய முடியாமல் பிடிபடுவது. தலைக்கு மேலே இறங்கிவரும் கை, அடித்த கையைப் போலவே இருக்கிறது. நோக்கம் வேறாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நாய்க்கு இடமில்லை என்பதில் இந்த அணைப்பும் அந்த அடியும் ஒன்றே. "இவ்வளவு அன்பு காட்டியும் நன்றி இல்லையே" என்ற வருத்தம் பிறகு வருகிறது. நாய் நன்றி கெட்டதில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்பவர்களும் கடைசியாக ஓர் அரணுக்குள் போய் நிற்பார்கள்: "எல்லாம் சரி, ஆனால் சில நாய்கள் அடியோடு கெட்டுப்போனவை, அவை தேறவே தேறா." இந்த அரணை உடைத்த நிகழ்வு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது.

2007 ஏப்ரலில் அங்கே சர்ரி கவுண்டியில் ஒரு பண்ணையைப் போலீசார் சோதனையிட்டார்கள். அது அமெரிக்கக் கால்பந்தின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவரான மைக்கேல் விக்குக்குச் சொந்தமானது. நாய்ச்சண்டைக்காகப் பிட்புல் நாய்களை அங்கே வளர்த்தார்கள். மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனத்த சங்கிலி போட்டு அவற்றைக் கட்டியிருந்தார்கள். சரியாகச் சண்டையிடாத நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமுக்கியும் கொன்றிருந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட பிட்புல்கள் ஐம்பதை ஒட்டி இருந்தன.

அந்நாளில் சண்டைநாய்கள் வழக்கின் தடயப் பொருள்கள். வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவது வழக்கம். இவற்றையும் கொல்வதே கருணை என்று சொன்னவர்கள் விலங்குகளை வெறுப்பவர்கள் அல்லர். அமெரிக்காவின் மிகப் பெரிய விலங்குநல அமைப்புகளான ஹியூமேன் சொசைட்டியும் பீட்டாவும் அந்தப் பக்கம்தான் நின்றன. ஆனால் இந்த முறை அரசுத் தரப்பு, ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. ஸ்டீவன் ஜவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குநல அமைப்பின் நிபுணர்கள் வந்தார்கள். நாய்களின் நலனைக் கவனிக்க ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது.

ரத்தவெறி பிடித்த மிருகங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலும் நடுங்கும் நாய்களைக் கண்டார்கள். பல நாய்கள் ஆளைக் கண்டதும் நான்கு காலையும் பரப்பித் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன. மூர்க்கம் தணியாது என்று கருதிக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். 47 நாய்கள் பிழைத்தன. அவற்றில் 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கனாப் ஊரில் உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்கும், 10 நாய்கள் ஓக்லாந்தில் உள்ள பேட் ராப் குழுவுக்கும், மற்றவை வேறு மீட்புக் குழுக்களுக்கும் போயின. விக்குக்கு 23 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நாய்களின் பராமரிப்புக்காக அவர் சுமார் 9,28,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஜானி என்ற நாய், உரக்கப் படிக்கக் கூச்சப்படும் குழந்தைகள் நூலகத்தில் படித்துக்காட்ட, பக்கத்தில் படுத்துக் கேட்கும் துணையானது. லியோ என்ற நாய் புற்றுநோயாளிகளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்வந்தது. ஹேண்ட்சம் டான் சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்தோடு வாழ்ந்தது. மெரில் என்ற நாய் அந்நியர்களிடம் மூர்க்கம் காட்டியதால் ஆயுள் முழுக்கச் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே தனக்குப் பழகிய சில மனிதர்களோடு அது வாழ்ந்தது. 2009-இல் ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, சண்டைநாய்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தே முடிவெடுக்க வேண்டும் என்றது.

இது விதிவிலக்கான புகழ்பெற்ற வழக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஏஎஸ்பிசிஏ அமைப்பு 2013-இல் நியூ ஜெர்சியில், கடும் பயத்தில் உறைந்துபோன நாய்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியது. 2018-இல் அது வட கரோலினாவில் நிரந்தர இடம் பெற்றது. அளவுக்கு மீறி நாய்களை அடைத்து வைத்திருந்த வீடுகளிலிருந்தும் வணிகக் குட்டிப் பண்ணைகளிலிருந்தும் வந்த 400-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய அறிக்கை 2022-இல் வெளியானது. அவற்றில் 86 சதவீதம் சிகிச்சையை முடித்துத் தேறின. தேறியவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வீடு சேர்ந்தன. வெளியே விட்டால் ஓடவும் தெரியாமல், தொட்டால் சிறுநீர் கழித்துக்கொண்டு உறையும் நிலையில் வரும் நாய்களைப் பற்றிய எண் இது. நாய் வாலை நிமிர்த்துவது யாருக்கும் தேவையில்லை. காலுக்கு இடையில் இடுக்கிய வால் வெளியே வந்தால் போதும், அது வருகிறது.

எப்படி வருகிறது? முதலில் நாய்க்கு ஒரு மூலை வேண்டும். அந்த மூலைக்குள் எவர் கையும் போகக் கூடாது. துடைக்க, கொஞ்ச, படம் எடுக்க என்று எந்தக் காரணமும் செல்லாது. சோறு, நடை, விளக்கணைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த நாளில்தான் பயந்த உயிர் தூங்குகிறது. நெருங்க வேண்டுமானால் நேராகப் போகாமல், தூரத்தில் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். வேகவைத்த கோழி ஈரல் துண்டை உங்கள் பக்கம் போடாமல் நாய்க்கு அப்பால் எறியுங்கள். தின்னப் போகும்போது உங்களிடமிருந்து விலகும் நிம்மதியும் அதற்குக் கிடைக்கிறது. அந்த நிம்மதியே அதைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கையில் உணவை வைத்துக் கிட்டே வரவழைத்தால், பசி இழுக்கப் பயம் தடுக்க நடுவில் நாய் கிழிபடும்.

பயமூட்டும் எதையும் நாய் பதறாத தூரத்தில் காட்டுங்கள். காட்டிய பிறகு ஈரல், மறைந்ததும் ஈரல் இல்லை. வரிசை மாறினால் ஈரல்தான் ஆபத்தின் அறிகுறியாகிவிடும். தொடும் நாள் வரும்போது தலையில் வேண்டாம், மார்பின் பக்கவாட்டில் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். சாய்ந்து வந்தால் தொடரலாம். அப்படியே நின்றால் அதற்குப் பெயர் சம்மதம் அல்ல. மனிதரோடு இயல்பாகப் பழகும் இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் அது பெரிய துணை. ஏஎஸ்பிசிஏ மையத்திலும் அத்தகைய துணை நாய்களைப் பயன்படுத்துகிறார்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, பழைய எலும்பு முறிவு, காதுச் சீழ், உண்ணிக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வலியோடு இருக்கும் நாய் யாரையும் நம்பாது. பயம் மிகக் கடுமையாக இருந்தால் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்துகள் உண்டு. அவை பலன் தர வாரங்கள் ஆகும். மருந்து கொடுப்பது தோல்வி இல்லை; பயம் அடைத்துவைத்த கற்கும் திறனைத் திறந்துவிடும் வழி.

இதற்கு எதிராக நியாயமான கேள்விகள் இருக்கின்றன. வேலைக்குப் போகிற வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது? மேலே சொன்னவற்றில் பாதி, செய்யாமல் இருக்க வேண்டியவை. இழுக்காமல், துரத்தாமல், முறைக்காமல் இருக்க நேரம் செலவாகாது. வற்புறுத்தித் தேற்றுவது வேகமானது என்பதும் தோற்றம்தான். அடக்கிய பயம் சில மாதங்களில் கடியாகத் திரும்பும்போது அந்த வேகத்தின் விலை தெரியும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ஆபத்தில்லையா? ஆபத்துதான், கவனம் இல்லாவிட்டால். பயந்த நாயையும் சிறு குழந்தையையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. நடுவில் தடுப்புக் கதவு வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி முதல் வாரத்திலேயே போட்டிருக்க வேண்டும். கடிபட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெருவில் கடிபடும் குழந்தைகளின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்த வேதனையைக் குறைக்க வேண்டும் என்பதாலேயே சொல்கிறேன்: அடிவாங்கிப் பயத்தில் வாழும் நாய்தான் கடிக்கும் நாய். பாதுகாப்பை விரும்புபவர் முதலில் கைவிட வேண்டியது தடியை.

எல்லா நாயும் முழுக்கத் தேறுமா? தேறாது. வணிகக் குட்டிப் பண்ணைகளிலிருந்து மீண்ட 1,169 நாய்களைப் பற்றி ஃபிராங்க் மக்மில்லன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு சேர்ந்து ஆண்டுகள் கழித்தும் அவற்றில் பலவற்றுக்குப் பயம் மிச்சமிருந்ததைக் காட்டியது. சில நாய்கள் கடைசிவரை அந்நியர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடும். சில நாய்களுக்கு மெரிலைப் போல நாலைந்து மனிதர்கள்தான் உலகம். இதை வைத்து முயற்சியே வீண் என்பது, முழுக் குணம் இல்லையென்றால் மருத்துவமே வேண்டாம் என்பதற்குச் சமம். நாலு பேரை நம்பும் நாய், ஒருவரையும் நம்பாத நாயைவிட எவ்வளவோ நிம்மதியாக வாழ்கிறது. அந்த நிம்மதியின் அளவை நாம் வகுக்க வேண்டியதில்லை.

ஆகவே, அடிபட்ட நாயை அழைத்துவந்திருக்கும் எவருக்கும் நான் சொல்வது: யோசனை சொல்ல வருபவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் பட்டம் பெற்ற ட்ரெய்னராக இருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள். "நாய் மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?" இழுப்பேன், அமுக்குவேன், பசியில் போடுவேன், அதிர்ச்சிப் பட்டை மாட்டுவேன் என்றால் கதவைச் சாத்துங்கள். "அன்பாகப் பேசிச் சம்மதிக்க வைத்துவிடுவேன்" என்று சொல்பவரிடமும் இன்னொரு தடவை கேளுங்கள். "தூரத்தைக் கூட்டுவேன், கேட்பதைக் குறைப்பேன், நாளைக்கு வருவேன்" என்று பதில் சொல்பவரிடம் நாயை ஒப்படைக்கலாம். மனிதர்கள் உடைத்த நாய்க்கு மனிதர்கள் கொடுக்க வேண்டிய முதல் பொருள், மாட்டேன் என்று சொல்லும் உரிமை. அதைக் கொடுக்கத் துணியாதவர் கையால் எந்த நாயும் தேறாது, அடங்கத்தான் செய்யும்.